காது கொடுத்த அத்தான்

மனித இனம் இயற்கையிடம் திரும்பிய நாள் எது என்று வருங்கால ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. என் அத்தான் வேலையை விட்ட நாள்தான் அது.

அதற்கு முன் அவர் ஒரு பெரிய நிறுவனத்தில் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். பயிற்சியின் பெயர் 'காது கொடுத்துக் கேட்பது எப்படி?'. காலையில் பேச ஆரம்பித்தால், கேட்பதைப் பற்றி மாலைவரை பேசுவார். நடுவில் யாராவது சந்தேகம் கேட்டால், "கடைசில கேளுங்க" என்பார். அந்தக் கடைசி எப்போதாவது வந்ததாகத் தகவல் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் கடல் கடந்து, மொழி தெரியாத ஒரு நாட்டின் கிராமத்தில் பழைய கல் வீடு ஒன்றை வாங்கினார். முன்னால் குன்று, பின்னால் தோட்டம், அதற்கும் பின்னால் புல்வெளி. வாங்கும்முன் அக்காவைக் கலந்து பேசினாரா என்று கேட்பவர்கள் அற்பர்கள். வாங்கிய பிறகு பேசினார். அக்காவும் பரிசோதனைக்கூட வேலையை உதறிவிட்டுக் கூடவே போனாள்.

விடுமுறைக்கு நான் போயிருந்தேன். அந்த வீட்டில் 'விருந்தாளி' என்றால் சம்பளம் இல்லாத சித்தாள் என்று பொருள். மண்வெட்டியைக் கையில் வாங்குவதற்குள் அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய் மேலே காட்டினாள். ஓடு இருக்க வேண்டிய இடத்தில் வானம் இருந்தது.

"எப்ப ஓடு போடப்போறாரு?"

"வீடு சொன்னதும் போடுவாராம்."

"எந்த வீடு?"

"இந்த வீடுதான். கேட்டுக்கிட்டிருக்காரு."

அத்தான் பெருந்தன்மையோடு விளக்கினார். "பழைய வீட்டுல எடுத்த எடுப்புல சுத்தியலைத் தூக்கறவன் முரடன், மாப்ளே. அது என்ன நினைக்குதுன்னு முதல்ல காது கொடுத்துக் கேட்கணும்." தினமும் காலையில் தேநீர்க் கோப்பையோடு சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து அவர் கால் பெருவிரலில் விழுந்தது. "பார்த்தியா, மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சிடுச்சு!" என்று நொண்டிக்கொண்டே மகிழ்ந்தார்.

கூரை வேலைக்காரர் ஏணியோடு வந்தார். வீட்டின் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை என்பதை அத்தான் கைபேசியில் அவர் மொழிக்கு மாற்றிக் காட்டினார். அவர் படித்தார். கைபேசி பழுதோ என்று ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு, ஆட்டுக் கொட்டகைக்கு ஓடு போடப் போய்விட்டார்.

ஆட்டுக் கொட்டகையைச் சொல்ல மறந்துவிட்டேனே! மரத்தரை, கிழக்குப் பார்த்த சன்னல், ஒரு சொட்டு ஒழுகாத கூரை. அதில் குடியிருந்த வெள்ளாட்டுக்கு 'மேலாளர் அம்மா' என்று பெயர். பேச்சை 'மே' என்று தொடங்குவதால் வந்த பதவி.

ஞாயிறுதோறும் தோட்டத்தில் 'குடும்பக் கருத்துக்கேட்புக் கூட்டம்' நடக்கும். மேலாளர் அம்மா, கோழிகள், வாத்துகள், அக்கா ஆகியோர் உறுப்பினர்கள். பூசணிக்கொடியின் மனவருத்தம் பற்றி அன்று நீண்ட விவாதம் நடந்தது. வாத்துகளின் தனிமை உணர்வு தனித் தலைப்பாக எடுக்கப்பட்டது. அக்கா கையைத் தூக்கினாள்.

"அடுப்படிக்குக் கூரை வேணும்."

"அருமையான கருத்து. உன் உணர்வை மதிக்கறேன். அடுத்து, கோழி."

"மழைக்குள்ள கூரை வரலைன்னா தம்பி கிளம்பும்போது நானும் அவனோட போயிடுவேன். சொல்லிட்டேன்."

அத்தான் நிதானமாகத் தலையாட்டினார். அவருடைய பயிற்சியில் முதல் பாடமே தலையாட்டுவதுதான்.

மழை வந்தது. அடுப்படியில் அக்கா ஒரு கையில் குடையும் மறு கையில் கரண்டியுமாகக் குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். சமையலும் குளியலும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும் இந்த நவீன வசதி எத்தனை வீடுகளில் உண்டு? அத்தான் வந்தார். குழம்பை ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணியா இருக்கே?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அடுப்பை அணைத்தாள். விடுவிடுவென்று கொட்டகைக்குப் போய் மேலாளர் அம்மாவை இழுத்து வந்து, வானம் தெரிகிற இடத்துக்கு நேர் கீழே கட்டினாள். தானும் குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டாள். இருவரும் தொப்பலாக நனைந்தார்கள்.

ஆடு கத்தியதுதான் தாமதம், அத்தான் வேலி தாண்டி ஓடி வந்தார்.

"ஐயையோ, எப்படி நடுங்கறாங்க பாரு! மனுஷன் இருக்கற இடமா இது?" என்று தன் கோட்டைக் கழற்றி ஆட்டுக்குப் போர்த்தினார். நடுங்கிக்கொண்டிருந்த அக்காவிடம், "கொஞ்சம் நகரும்மா, துடைக்கணும்" என்றார்.

மறுநாளே கூரை வேலைக்காரர் வந்தார். பொழுது சாய்வதற்குள் அடுப்படிக்குப் புத்தம்புதுக் கூரை.

"வீட்டோட சம்மதம் வாங்கிட்டீங்களா அத்தான்?" என்று பணிவோடு கேட்டேன்.

"ஆபத்துல அதையெல்லாமா கேட்டுக்கிட்டு நிப்பாங்க?"

திறப்பு விழாவைக் காணொளியாக எடுத்தோம். புதுக் கூரைக்குக் கீழே அத்தான், ஆடு, கோழிகள், வாத்துகள், நான். இத்தனை பேரும் படத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால், அக்கா வெளியே மழையில் நின்று படம் பிடித்தாள். அத்தான் தழுதழுத்த குரலில் உரையாற்றினார்.

"வாயில்லா ஜீவன். தனக்கு என்ன வேணும்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. சொல்லாததையும் கேட்கறதுதான் உண்மையான கேட்கறது!"

நான் கை தட்டினேன். வாத்துகளும் ஆமோதித்தன. அக்கா உள்ளே வந்து கைபேசியை அத்தான் கையில் வைத்தாள். போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள்.

"எங்க கிளம்பிட்ட? கூரைதான் வந்துடுச்சே!"

"ஆட்டுக்கு வந்துடுச்சு."

வாடகைக் கார் வாசலில் நின்றது. நாங்கள் ஏறிக்கொண்டோம். அத்தானுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. மழையில் கார் சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மேலாளர் அம்மா அவருடைய கோட்டோடு நின்றார்.

"என்ன குறைன்னு ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

அக்கா நன்றாக மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, "மே..." என்றாள்.

அந்தக் காதின் கூர்மையை என்னவென்று சொல்ல! அத்தான் சட்டென்று சன்னலை விட்டார்.

"என்னடா தங்கம், பசிக்குதா?" என்று ஆட்டிடம் ஓடினார்.