ஐந்து மணி நேர மாப்பிள்ளை

பெரிய காஞ்சிபுரம்,
12-9-1974

பம்பாயில் இருக்கும் சிரஞ்சீவி அர்ஜுனனுக்கு, உன் அப்பா தணிகாசலம் ஆசிகளுடன் தன் கையாலேயே எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் தறியும் சுகம். இதுவரை உனக்கு வந்த கடிதங்களெல்லாம் தபால்காரர் எழுதியவை; அவராகச் சேர்த்த புத்திமதிக்கு நான் பொறுப்பில்லை. அறுபத்திரண்டு வயதில் முதியோர் பள்ளியில் சேர்ந்து இப்போது 'ஐ' கூட எழுதுகிறேன். பார்: ஐ.

நிற்க. உன் கடிதம் வந்தபோது ஐயம்பேட்டை வீராசாமி, தன் மகள் நீலாம்பாளை உனக்குக் கொடுப்பது பற்றிப் பேச வந்து, நம் வீட்டில் பாதிக் காப்பியில் இருந்தார். நானே படிக்கிறேன் என்று சந்தோஷத்தில் உரக்க ஆரம்பித்தேன். நன்றாகப் படித்தவர்கள் அடுத்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகே வாயைத் திறப்பார்களாம். எனக்கு அந்தப் பாடம் இன்னும் நடக்கவில்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டி, "கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதும் எங்களுக்கு இனி தினம் ஐந்து மணி நேரம்தான் வேலை, நேரம் குறைந்தால் வேலை கூடும் என்கிறார் அதிகாரி" என்று முழுவதையும் படித்துவிட்டேன்.

வீராசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "மீதி நேரம் உன் புள்ள இன்னாபா பண்ணிக்கினு இருப்பான்? அரை ஆளுக்கு முழுப் பொண்ணு கேக்கிறியே!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"படிக்கக் கத்துக்கினீங்களே, முழுங்கக் கத்துக்கினீங்களா?" என்றாள் உன் அம்மா.

உன் அதிகாரி பெரிய மேதை. ஐந்து மணி நேரத்தில் வேலை கூடுமென்றால் மூன்றில் இன்னும் கூடுமே! நீ ஆபீசுக்கே போகாவிட்டால் பம்பாய் தாங்குமா? நம் அத்தி வரதர் நாற்பது வருஷம் குளத்துக்குள் படுத்திருந்து சில நாள் மட்டும் எழுந்து வருகிறார், கூட்டத்துக்குக் குறைவா? அதைப் பார்த்துத்தான் உன் அதிகாரி படித்திருக்க வேண்டும். தினம் பத்து மணி நேரம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான் முட்டாள்கள். களைத்தவன் கம்ப்யூட்டருக்குப் போடும் அட்டையில் ஓட்டையை இடம் மாற்றிக் குத்திவிட்டால் தப்பைத் தேட இரண்டு நாள் ஆகும் என்கிறாராம். ஏன், சேலையில் பூ விழுவதற்காக நம் தறிக்கு மேலே தொங்குவதும் ஓட்டை போட்ட அட்டைதானே? சாயங்காலம் கண் சொருகி நெய்த தப்பை மறுநாள் காலை முழுக்க உட்கார்ந்து நான் பிரிப்பதில்லையா? அதுவும் வேலைதானே!

ஆகவே உடனே ஒரு முழுநாள் வேலை பார்த்துக்கொண்டு, 'தினம் பத்து மணி நேரம்' என்று கொட்டை எழுத்தில் கடிதம் போடு. ஐயம்பேட்டைக்கே போய் உரக்கப் படிக்கிறேன். காமாட்சி உன்னைக் காக்கட்டும். உன் அதிகாரிக்குப் புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு, கைநாட்டு இல்லாமல்,
தணிகாசலம்

பி.கு.: இதை எழுதப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. மத்தியானமானால் தறியை விட்டு எழுந்து பேனாவைப் பிடித்தேன். நெய்தது தினம் ஐந்து மணி நேரம்தான். பதினைந்து நாள் சேலை பன்னிரண்டில் முடிந்துவிட்டது. ஒரு இழைகூடப் பிரிக்கவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று தீர்த்துச் சொல்ல இன்று வீராசாமி வந்தார். சேலையைத் தடவியே நெய்தவன் எத்தனை கொட்டாவி விட்டான் என்று சொல்கிறவர் அவர். இதை விரித்து இரண்டு முறை தடவினார். "கொட்டாவியே காணோமே! எத்தினி நேரம் குந்தினே?" என்றார். "அஞ்சு" என்றேன். மிச்சக் காப்பியையும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "தை மாசம் வச்சிக்கலாம்பா" என்றார். ஆகவே வேலையை மாற்றாதே. மேலே உள்ளதைக் கிழித்துப் போடு. வேண்டாம், கிழிக்காதே. பன்னிரண்டு நாள் எழுதியது.