மாப்பிள்ளைக்குப் பாய் போடுங்கள்

உத்தியோகம் கிடைத்தவுடன் மனிதன் முதலில் தலைமுழுகுவது தனக்கு எது உயிரோ அதைத்தான். நான் தலைமுழுகியது கூத்தை. மீசை முளைத்த நாளிலிருந்து துரியோதனன் வேஷம் கட்டியவன் நான். விழுப்புரத்தில் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த அன்று தலைமைக் குமாஸ்தா, "கூத்தாடிக்கெல்லாம் இங்கே நாற்காலி கிடையாது, தெரியுமா?" என்றார். பொதுவாகத்தான் சொன்னார். நான் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டேன். (அந்த நாளில் நாற்காலி என்றால் எனக்கு அவ்வளவு மயக்கம்.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் கல்யாணம் ஆயிற்று. பெண் வீட்டாரிடமும் கூத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. என் மனைவி அஞ்சலை, பாவம், ஒரு வருஷம் மரக்கட்டையோடு குடித்தனம் செய்தாள். நான் வீட்டில் பேசியதெல்லாம் "சோறு", "போதும்" என்ற இரண்டே வார்த்தைகள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு என்ன குறை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் தைரியமில்லை.

அந்த வருஷம் ஒலக்கூருக்குப் பக்கத்தில் மாமனார் ஊரில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதி. மாப்பிள்ளையை அழைக்காமல் இருப்பார்களா? கொளுத்தும் வெயிலில் கறுப்புக் கோட்டு, கையில் குடை சகிதம் அஞ்சலையோடு ரயிலேறி, திண்டிவனத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தேன். வண்டி மாடே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

தீமிதியன்று காலையில் படுகளம், பீமன் கையால் துரியோதனன் சாகும் கூத்து. இருபது முழ நீளத்துக்கு மண்ணால் துரியோதனனைச் செய்து மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். தொடைப் பக்கத்தில் பள்ளம் பறித்துக் குங்குமத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், அதுதான் ரத்தம். மாமனார் யாரிடமோ இரவல் வாங்கிய பிரம்பு நாற்காலியை எல்லாருக்கும் முன்னால் போட்டு என்னை உட்காரவைத்தார்.

"எங்க மாப்ள, கச்சேரி உத்தியோகம். இந்தக் கூத்தெல்லாம் அவருக்குப் புடிக்காது. எனக்கோசரம் வந்துக்கினு இருக்காரு" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். நானும் அதற்கேற்ப ஒரு கொட்டாவி விட்டுக் காட்டினேன்.

துரியோதனன் வந்தான். பத்து நாளாகப் பாடிய தொண்டை. பீமனை எதிர்த்து மார்தட்டும் பாட்டின் நடுவே குரல் வெறும் காற்றாகப் போய்விட்டது. பின்பாட்டுக்காரர்களுக்கும் அதே கதி. மத்தளம் மட்டும் தனியாகத் தவித்துக்கொண்டிருந்தது. கூத்துக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் பாட்டை விட்டால் பக்கத்தில் இருப்பவன் எடுத்தே ஆக வேண்டும். தூக்கத்தில்கூட எடுப்போம். நான் விழித்தல்லவா இருந்தேன்? என்னைக் கேட்காமலே என் வாய் எடுத்துவிட்டது.

எடுத்ததோடு நின்றதா? நாற்காலிமேல் ஏறி நின்று ஓர் அடவும் போட்டேன். பிரம்பு கிழிந்து, கால் உள்ளே போய், நாற்காலி தொடையில் மாட்டிக்கொண்டது. அதற்காகப் பாட்டை விட முடியுமா? நாற்காலியை இழுத்துக்கொண்டே களத்தில் இறங்கி மண் துரியோதனனைச் சுற்றி வந்தேன். நிஜ வேஷக்காரன் தன் கிரீடத்தைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு, அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தான். (கோட்டும் கிரீடமும் போட்ட கௌரவனை அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை.)

பீமன் கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு வந்து என் காதருகே குனிந்தான். "இன்னாங்க இது, தொடையில நாற்காலி இருக்குதே, எங்கங்க அடிக்கிறது?"

"அதும்மேலயே அடிய்யா!"

அடித்தான். நாற்காலி நாலாகப் பிளந்தது. கால் விடுபட்டது. நான் கோட்டோடு குங்குமத் தண்ணீரில் விழுந்தேன். துரியோதனன் செத்தால் பெண்கள் ஒப்பாரி வைப்பது வழக்கம். என் மாமியார் எல்லாரையும்விட உரக்க அழுதார். துரியோதனனுக்காக அழுதாரா, மகள் வாழ்க்கையை நினைத்து அழுதாரா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

செத்தவன் கண்ணைத் திறக்கக் கூடாது. மாமனார் மானம் போயிற்று, ஆபீஸ் நாற்காலியும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நானாகச் செத்துக் கிடந்தேன்.

"எழுந்திருங்க மாப்ள" என்றது மாமனார் குரல். எழுந்து பார்த்தால் மனிதருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். "நாற்காலிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நான் இருபது வருஷம் திரௌபதை வேஷம் கட்டினவன் மாப்ள! உத்தியோகக்காரரு, கேவலமா நெனைச்சுக்குவீங்கன்னு உங்களாண்ட மறைச்சுக்கினு இருந்தேன்."

அஞ்சலை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "இந்தக் குரலு இத்தினி நாளா எங்க இருந்துச்சு? ஊமையைக் கட்டிக்கினோம்னு இல்ல நெனைச்சுக்கினு இருந்தேன்!"

மறு வருஷம் லீவு லெட்டரில் காரணத்தை உள்ளபடியே எழுதினேன்: 'துரியோதனனாக இறக்க வேண்டியிருப்பதால் இரண்டு நாள் லீவு தேவை.' தலைமைக் குமாஸ்தா மூன்று தடவை படித்தார்.

"செத்துட்டு ஒழுங்கா வேலைக்கு வந்துடுவீரா?"

"வந்துடுவேன் சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். இவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் வருஷா வருஷம் கைதட்டலோடு செத்தேன். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். ஆனாலும் அஞ்சலையின் ஊரில் எந்த வீட்டு வாசலில் கால் வைத்தாலும் பிள்ளைகள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகின்றன. பின்னாலேயே ஒரு குரல் வரும்: "மாப்ள வந்துட்டாரு, ஜல்தியா பாய் போடுங்க!"

நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு, ராஜாவாகப் பாயில் உட்காருகிறேன்.