ஒளி வராத ஒபதியா

எதிர்த்துப் பேசுகிறவனை என்றாவது ஒருநாள் மடக்கிவிடலாம். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறவனை என்ன செய்வது? இந்த ஒப்புக்கொள்ளி இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனாலும் நியூ ஜெர்சியில், குவேக்கர் என்ற எங்கள் கிறிஸ்தவ சபையில் இருந்த ஒபதியா பென்ராக்கைப் போல முற்றி விளைந்த ஒன்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவது பாவம் என்று சபை முடிவு செய்து, அடிமை வைத்திருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் அனுப்பிய காலம் அது. பென்ராக் வீட்டுக்கு மூப்பர் ஜோதம் கிரீவ் போனார். பென்ராக் அவரைக் கணப்படுப்பின் பக்கத்தில் உட்காரவைத்து, ஆப்பிள் மது கொடுத்து, தேவன் எல்லா ஜனத்தையும் ஒரே இரத்தத்தால் படைத்தார் என்று மூப்பர் தொடங்குமுன் தாமே சொல்லி முடித்து, எகிப்தில் இஸ்ரவேலர் பட்ட பாட்டுக்குக் கண்கலங்கி, மூப்பருக்கே தெரியாத இரண்டு வசனங்களை இனாமாகவும் தந்தார். மதுவை ஊற்றியவள் ரோடா. அவருடைய அடிமை.

“அப்போ ரோடாவ எப்போ விடப்போற?” என்றார் ஜோதம். ராஜாவானாலும் எங்கள் சபையில் ‘நீ’தான்.

“விடணும் ஜோதம், விட்டே ஆகணும். ஆனா உள்ளுக்குள்ள தேவனோட ஒளி வரணுமே. அது வராம நானா செஞ்சா, பெருமைக்குச் செஞ்ச மாதிரி ஆயிடாதா?”

பார்த்தீர்களா? பாவத்தைக்கூடப் பணிவினால்தான் செய்துகொண்டிருந்தார்.

வருஷங்கள் போயின. ஒளி வரவில்லை. பக்கத்துத் தோப்பை வாங்க மட்டும் ஒரே காலையில் வந்தது.

எங்கள் ஆராதனையில் போதகர் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் தேவன் வைத்ததாக நாங்கள் நம்பும் உள்ளொளி யாரைத் தூண்டுகிறதோ அவர் எழுந்து பேசலாம். ஒரு ஞாயிறன்று, மாடிப்படிக்குக் கீழே கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பெஞ்சிலிருந்து ரோடா எழுந்தாள். ஓடிப்போகும் அடிமையைப் பிடித்து இழுத்து வந்தால் சாட்டையடிதான் என்று அவளுக்குத் தெரியும்.

“ஒபதியாவுக்கு வரவேண்டிய ஒளி, வழி தவறி என்கிட்ட வந்துடுச்சு. போன்னு சொல்லுது. நான் போறேன்.”

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

பென்ராக் துள்ளி எழுந்தார். “அதெப்படி? அவளுக்கு எப்படி...”

“ஏன் ஒபதியா,” என்றார் ஜோதம், மிக மெதுவாக. “அவளுக்குள்ள ஒளி கிடையாதுங்கிறியா? சொல்லு. சபை கேக்கட்டும்.”

கிடையாது என்றால், இத்தனை வருஷம் கண்ணீரோடு ஒப்பித்த வசனமெல்லாம் பொய். உண்டு என்றால், ரோடா போனது போனதுதான். பென்ராக் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் சாட்சிகள் முன்னிலையில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து, அடிமையை விடுவித்த முதல் ஆள் தாம்தான் என்று ஊரெல்லாம் சொல்லவும் ஆரம்பித்தார்.

ரோடா ஆற்றங்கரையில் ஒரு வீடு பிடித்து, துணி வெளுத்துப் பிழைத்தாள். பென்ராக் சில சமயம் நலம் விசாரிக்க வந்து கதவைத் தட்டுவார். திறப்பதும் திறக்காததும் இப்போது அவள் இஷ்டம். பெரும்பாலும் அவளுக்கு இஷ்டமில்லை.

எல்லாம் சரி, இதை ஆரம்பத்திலிருந்து நீங்கள் தலையாட்டிக்கொண்டே படித்தீர்களே, அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.