தையல்காரரின் வலது மணிக்கட்டு

தையல்காரர் மனைவியிடம் ஒரு பொய் சொன்னார். பாழாய்ப்போன அந்தப் பொய் எக்ஸ்ரே வரும் வரைக்கும்தான் தாங்கியது.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர். கையை ஊனி விழுந்துட்டேன்."

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகம் மாறியது.

"நின்ன இடத்துல வழுக்கினா இப்படி நொறுங்காதே! மணிக்கட்டுக்கு மேல உடைஞ்சு, விரிசல் மூட்டுக்குள்ளயே ஓடியிருக்கு. உயரத்துல இருந்தா விழுந்தீங்க? மறைக்காம சொல்லுங்க. அப்படின்னா தோள், முதுகு எல்லாம் பாக்கணும்."

தையல்காரர் தன் கையைப் பார்த்தார். ஐயோ, வலது கை! கத்தரி பிடிக்கிற கை! குடும்பத்துக்கே சோறு போடுகிற கை! உண்மையைச் சொன்னால் பக்கத்தில் நிற்கிற மனைவி பிடித்துக்கொள்வாள். சொல்லாவிட்டால் கை கைவிட்டுவிடும்.

"ஸ்டூல்ல ஏறினேன்" என்றார்.

"எதுக்கு?" கேட்டது டாக்டர் இல்லை, மனைவி.

"பல்பு மாத்த."

"பல்பை நேத்து நான்தானே மாத்தினேன்?"

"அது... அலமாரி மேல பிஸ்கட் டப்பா..."

"அடப்பாவமே! சர்க்கரை ஏறினது பத்தாதுன்னு நீங்களும் ஏறினீங்களாக்கும்!"

டாக்டர் செருமினார். "மூட்டுக்குள்ள முறிஞ்சா வெறும் மாவுக்கட்டு போதாதும்மா. மேடு பள்ளம் இல்லாம எலும்பைச் சேர்த்து, தகடு வெச்சு ஸ்குரூ போடணும். அதுக்கப்புறம் விரலை மடக்கணும், நீட்டணும். சும்மா வெச்சிருந்தா கை இறுகிடும். அப்புறம் கத்தரியை மறந்துட வேண்டியதுதான். நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்றாள் மனைவி, தேன் ஒழுகும் குரலில். அப்போதே தையல்காரர் பயந்திருக்க வேண்டும். பாவம், அவருக்கு ஆபரேஷன் பயம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி நாம் ராஜா என்று நினைத்துக்கொண்டு வீட்டு சோபாவில் சாய்ந்தார். மடியில் தொப்பென்று ஒரு துணி மூட்டை விழுந்தது.

"என்னம்மா இது?"

"துணி. மடிங்க."

"கையில தகடு வெச்சிருக்கு!"

"விரல்ல வெக்கலையே? டாக்டர் சொன்ன பயிற்சிங்க இது. கை இறுகிப்போனா பரவாயில்லைன்னா விடுங்க, எனக்கென்ன."

தூக்கிவாரிப் போட்டது. மடமடவென்று மடித்தார். அடுத்து பூண்டு வந்தது, உரித்தார். பட்டாணி வந்தது. கரண்டிகளைத் துடைத்தார். ஜன்னல் கம்பியைத் துடைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தபோதுகூட நிறுத்தவில்லை. கத்தரி கண்முன்னால் நின்றது.

மறுபரிசோதனை நாள் வந்தது. டாக்டர் கையைத் திருப்பினார், வளைத்தார், முஷ்டி பிடிக்கச் சொன்னார்.

"பிரமாதம்! இந்தக் கை தாராளமா கத்தரி பிடிக்கும்!"

தையல்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எல்லாம் நீங்க சொன்ன பயிற்சிதான் டாக்டர்! துணி மடிச்சது, பூண்டு உரிச்சது, ஜன்னல் துடைச்சது, ஒண்ணையும் விடலை!"

டாக்டர் வாயைப் பிளந்தார். மனைவியோ சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நான் மடக்கச் சொன்னது அவர் விரலை மட்டும்தானே? நீங்க அவரையே மடக்கிட்டீங்களே!"