நிற்காமல் போன குற்றவாளி

என் காரை என் மனைவி தொடக்கூடாது என்பது என் கொள்கை. அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

போலீஸ் கை காட்டியும் நிற்காமல் ஓடினால் இனி ஜெயில், வண்டியும் பறிமுதல் என்று காலைப் பேப்பரில் போட்டிருந்தான். "இவனுங்களுக்கு நல்லா வேணும்" என்று அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

சாயங்காலம் அதே காரியத்தை நானே செய்துவிட்டு வந்தேன்.

பாலம் இறங்கும் இடத்தில் ஒரு தொப்பி, தூக்கிய ஒரு கை. முகத்தை யார் பார்த்தார்கள்? நான் சீட் பெல்ட் போடவில்லை. பிரேக்கை மிதிக்கத்தான் நினைத்தேன், கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை, கால் மட்டும் கேட்குமா?

வாசலில் அவள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் உளறிவிட்டேன்.

"நின்னிருக்கலாம்ல?"

"பயத்துல ஆக்சிலேட்டரை அமுக்கிட்டேன்டி."

"நம்பரை எழுதியிருப்பாரு. அப்ப ஜெயில்தானா?"

"அப்படித்தான் போட்டிருந்தான்."

"நல்லா வேணும்னீங்களே."

"அது ஊருக்குச் சொன்னது."

அவள் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"நீயா ஓட்டுவ?"

"இனிமே வண்டி என் கையிலதான்னு சொன்னாத்தான் கொஞ்சமாவது இரங்குவாங்க. சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லு."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"சத்தியமா மாட்டேன்."

கொள்கையாவது ஒண்ணாவது. சாவியைக் கொடுத்துக் கும்பிடாத குறை.

அவள் போனதும் பையில் பல் தேய்க்கும் பிரஷ், துண்டு, பிரஷர் மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தேன். ஜெயிலில் தலையணை தருவார்களா தெரியவில்லை. அதையும் திணித்தேன்.

கார் திரும்பி வந்தது. உள்ளே இருந்து ஒரு போலீஸ்காரர் இறங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தொப்பியைக் கழற்றினார். பார்த்தால் என் மச்சினன்! டிராஃபிக்குக்கு மாற்றலாகி வந்திருக்கிறானாம்.

"என்ன மாமா, லிஃப்ட் கேட்டுக் கை காட்டினா இப்படிப் பறக்கறீங்க? அப்பவே அக்காவுக்குப் போன் போட்டேன். 'அங்கயே நில்லு, அவர் வந்ததும் நானே கார்ல வந்து கூட்டிட்டு வரேன்'னுச்சு."

அப்பாடா. கேஸும் இல்லை, ஜெயிலும் இல்லை. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சாவிக்குக் கையை நீட்டினேன்.

"போலீஸ் முன்னாடி பேச்சு மாறாதீங்க," என்றாள். "ஏறுங்க, கடைக்குப் போகணும்."

முன் சீட்டில் மச்சினன் உட்கார்ந்துகொண்டான். கைதாகாமலே நான் பின் சீட்டில் ஏறினேன்.