சம்சாரத்தை புக் செய்தவர்

மனைவி பியாட்ரிஸை இனிமேல் வேலைக்கு அனுப்புவதில்லை என்று பவுல்சாமி முடிவு செய்தார். முடிவு செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள்.

சாந்தோமில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில், மாடியில் சின்ன வீடு. மகள் சோஃபியா துபாயில். பவுல்சாமி பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாள் பூராவும் முதுகுக்குப் பின்னால் நூறு பேர் கத்திக்கொண்டே வந்தார்கள். இப்போது ஒருத்தரும் இல்லை. ஃபிரிட்ஜ் உறுமி நின்றால்கூட, யாரோ பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்ட மாதிரி நிமிர்ந்து பார்ப்பார்.

எல்லாம் அந்த 'கூடவே' கம்பெனி செய்த வேலை. தரமணியில் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தில் ஆபீஸாம். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால், இங்கே இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். பேங்குக்குத் துணை, ஆஸ்பத்திரிக்குத் துணை, சும்மா உட்கார்ந்து பேசவும் துணை. முன்பெல்லாம் பேச ஆள் இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரனிடம் வம்புக்குப் போவோம். இப்போது போனைத் தட்டினால் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆள் வருகிறது. அதில் ஒரு நீலக் கோட்டு பியாட்ரிஸ். ஸ்கூல் ஆயா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவள், ஒரு மாதம்கூட வீட்டில் உட்காராமல் இதில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"ஆழ்வார்பேட்டை தாத்தா பாவம்யா. பேச ஆளே இல்ல" என்பாள்.

"இங்க ஒரு தாத்தா கீறானே, கண்ணுக்குத் தெரியலியா?"

"உனக்கு இன்னா? டிவி கீது."

"அந்தாளு வீட்ல டிவி இல்லியா?"

"கீது. நான் பேசும்போது அவரு அதை நிறுத்திடுவாரு."

பவுல்சாமி மறக்கிற ஆள் இல்லை. தனக்கு டீ கொடுக்காமல் பக்கத்து ஆளுக்குக் கொடுத்த டிப்போ கேன்டீன்காரனை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆழ்வார்பேட்டைத் தாத்தாவும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்தார்.

கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஷரஃபுதீனிடம் போனார்.

"பாய், உன் பேர்ல பியாட்ரிஸை புக் பண்ணு."

"யா அல்லா! உன் பொண்டாட்டிய நான் எதுக்குய்யா புக் பண்ணணும்?"

"உனக்கில்ல, எனக்கு. நாகேஸ்வரராவ் பார்க்குக்கு வரச்சொல்லு. வந்து பாத்தா நான் உக்காந்துகினு இருப்பேன். 'கட்டின புருசனை இந்த நெலமைக்கு விட்டுட்டியே'ன்னு கேப்பேன். அங்கியே அழுதுடுவா. அதோட வேலைய உட்டுடுவா."

"ஏன், வீட்லியே கேளேன்."

"டைம் இல்லன்றா."

ஷரஃபுதீன் போனை நோண்டினார். "இதுலயும் அப்டிதான் போட்டுக்கீது நைனா. ஊர்ல பாதி பேரு உன் சம்சாரத்தைத்தான் கேக்கறான். புதன்கெழமை சாயங்காலம் ஒண்ணுதான் காலி."

புதன்கிழமை பவுல்சாமி கிறிஸ்துமஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பியாட்ரிஸ் வந்தாள். போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை.

"வணக்கங்க ஐயா. ஷரஃபுதீன் ஐயாதானே? நான் பியாட்ரிஸ், 'கூடவே'லேந்து வர்றேன்."

"ஏய், இன்னாடி நீ..."

"மரியாதை இல்லாம பேசினா உடனே கிளம்பிடலாம்னு கம்பெனி ரூலுங்க ஐயா."

பவுல்சாமி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று மனசு தானாகக் கணக்குப் பார்த்தது. மனப்பாடம் செய்தது பாதி மறந்துபோயிற்று.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்கய்யா?"

"ஒரு சம்சாரம். பேருக்கு இருக்கா."

"அடப் பாவமே. பேசமாட்டாங்களா?"

"பேசுவா. செருப்பு மாட்டிகினே பேசுவா."

"நீங்க அவங்ககிட்ட இன்னா பேசுவீங்கய்யா?"

பவுல்சாமி யோசித்தார். "சோறு கொழஞ்சிடுச்சும்பேன்."

"அப்புறம்?"

"மீனுக்கு உப்பு பத்தலம்பேன்."

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரு அணில் ஓடியது. பவுல்சாமி அணிலையே பார்த்தார்.

"வேலை செஞ்ச காலத்துல நடந்தது ஏதாவது சொல்லுங்கய்யா" என்றாள்.

பெருமழை நாளில் அடையாறு பாலத்தின் மேல் பஸ்ஸைத் தண்ணீருக்குள் ஓட்டிய கதையை ஆரம்பித்தார். வீட்டில் இதை ஆரம்பித்தால் "தெரியும் தெரியும்" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். இங்கே கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "ஐயையோ!" என்றாள். "பிரேக் புடிச்சுதா?" என்றாள். பவுல்சாமி காற்றிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினார். அன்றைக்குத் தான் பயந்துபோனதைக்கூட முதல்முறையாகச் சொன்னார்.

"இவ்ளோ நல்லா பேசறீங்களேய்யா. எங்க கம்பெனியில ஆம்பள ஆளே கெடைக்கறதில்ல. நீங்க ஏன் சேரக்கூடாது? நாம ரெண்டு பேரும் ஒரே வேலைக்குப் போலாம்."

'நாம ரெண்டு பேரும்' என்ற இடத்திலேயே பவுல்சாமி விழுந்துவிட்டார். காலையில் சேர்ந்து கிளம்புவது, பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவது, வழியில் ஒரு காபி. எல்லாம் கண்ணுக்குள் ஓடிவிட்டது. அவளை வேலையிலிருந்து நிறுத்த வந்தவர், அவள் போனில் காட்டிய இடத்தில் எல்லாம் விரலை வைத்தார்.

அடுத்த புதன்கிழமை. பவுல்சாமி ஷேவிங் செய்து, நீலக் கோட்டைத் தானே இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கெளம்பலாமா பியாட்ரிஸ்?"

அவள் நைட்டியோடு, கையில் காபியோடு வந்தாள். "எங்க? இனிமே எனக்குப் புதன்கெழமை லீவுய்யா. நீதான் போற. ஆர்.ஏ. புரத்துல ஒரு பெரியவரு, காது கேக்காது. கொஞ்சம் கத்திப் பேசு."

"லீவா? நான் இத்தினி நாளு வீட்ல தனியா கெடந்தப்ப ஒரு லீவு போட்டியா நீ?"

"நீ வீட்ல இருந்தா அது எனக்கு லீவாய்யா?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டுச் சத்தம் வந்தது. ரேடியோ என்று நினைத்துக் காதைக் கொடுத்தார் பவுல்சாமி. ரேடியோ இல்லை. தன் பெண்டாட்டிக்குப் பாட வரும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.