எட்டாவது சீர்த்தட்டு

2026 ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள், 25 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அதிகாலையில் யானைமலையின் முதுகை வெண்பனி போர்த்தியிருந்தது. எட்டு மணிக்குப் பின் பனி கலைந்து, ஒத்தக்கடை முழுவதும் இதமான வெயில் பரவியது.

அவ்வெயிலில், தம் வீட்டு மொட்டை மாடியில், பெரியதொரு பிளாஸ்டிக் பெட்டியை இரு கைகளாலும் அணைத்தவாறு அழகுபாண்டி நின்றுகொண்டிருந்தார். அவர் ஒத்தக்கடையில் பெயிண்ட் கடை நடத்துபவர். பெட்டிக்குள் ஏறத்தாழ எழுநூறு கரப்பான் பூச்சிகள் குடியிருந்தன.

"அப்பா, அங்க வைக்காதீங்க! வெயில் ஏறுனா அம்புட்டும் வெந்துரும்!" என்று படிக்கட்டிலிருந்து அவருடைய ஒரே மகள் அஸ்வினி கத்தினாள்.

"வேற எங்கத்தா வைக்க? என் தலையிலயா?"

"வச்சுக்கங்க. நிழலா இருந்தாச் சரி."

அவை சாக்கடைக் கரப்பான்கள் அல்ல. வளர்ப்புப் பிராணிகளுக்குத் தீனியாக வளர்க்கப்படும் அயல்நாட்டு இனம். வழவழப்பான சுவரில் அவை ஏறமாட்டா. நிறுத்திவைத்த முட்டை அட்டைகளின் இடுக்கில், வெதுவெதுப்பான இருளில் வாழ்ந்து, தவிடும் கேரட்டும் தின்று பெருகும். விலங்கியல் படித்த அஸ்வினி அவற்றை இரண்டு ஆண்டுகளாக மாடி அறையில் பேணி, ஆரப்பாளையத்து வளர்ப்புப் பிராணிக் கடை ஒன்றின் வழியாக விற்றுவந்தாள். தொடக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்ட அழகுபாண்டி, நாளடைவில், நாள்தோறும் கேரட்டைத் தோல் சீவிக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்திருந்தார்.

அன்று பழங்காநத்தத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்து உறுதி செய்ய வருகின்றனர். பெண்ணைக் கோயிலில் பார்த்து அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வீட்டை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. தாயில்லாத மாப்பிள்ளைக்கு எல்லாமுமாக விளங்கிய அத்தை முனியாயி, அடுப்படி முதல் பரண் வரை பார்க்காமல் பூ வைக்கமாட்டார் என்று தரகர் எச்சரித்திருந்தார்.

"அந்தப் பூச்சிய அவுக பார்த்தாகன்னா கல்யாணம் கிடையாது" என்றார் அழகுபாண்டியின் மனைவி ரெங்கம்மாள்.

"அதுகளத் தூக்கிப் போட்டீங்கன்னாலும் கல்யாணம் கிடையாது" என்றாள் அஸ்வினி.

மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. அதனை அவள் வாய்திறந்து சொல்லவில்லை; ஆயினும் காலையிலிருந்து மூன்று முறை புடவை மாற்றியிருந்தாள். ஏற்கெனவே மூன்று வரன்கள் கைநழுவிப் போயிருந்தன. இதுவும் போனால் மகளின் முகம் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அழகுபாண்டி அஞ்சினார்.

எனவே பெட்டியை மாடியிலிருந்து இறக்கி, கூடத்துச் சோபாவுக்குப் பின்னால் வைத்தார். அதே கணத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது.

முனியாயி அத்தை முதலில் இறங்கினார். அவருக்குப் பின் மாப்பிள்ளை சூரியபிரகாஷும், அவனுடைய தந்தை பேயாண்டியும், ஏழு சீர்த்தட்டுகளைச் சுமந்த பெண்களும் வந்தனர். பேயாண்டி கூடத்தின் மூலை முடுக்கையெல்லாம் கண்களால் துழாவினார். பிறகு சரியாக அந்தச் சோபாவிலேயே அமர்ந்தார்.

காப்பி வந்தது. ஒரு நொடி அமைதி நிலவியது. அவ்வமைதியில், சோபாவுக்குப் பின்னால் முட்டை அட்டைகளின்மீது நூற்றுக்கணக்கான கால்கள் நடந்தன.

சரசர. சரசர.

"என்ன சத்தம்?" என்றார் முனியாயி.

"தென்ன ஓலைங்க. பின்னால மரம் இருக்கு" என்றார் அழகுபாண்டி.

பேயாண்டி மெல்லத் திரும்பிச் சோபாவின் பின்புறத்தை எட்டிப்பார்க்க முயன்றார். அழகுபாண்டி குறுக்கே பாய்ந்தார். "சம்பந்தி, அடுப்படியப் பாருங்க, புதுசா கிரானைட் போட்டிருக்கோம்!" என்று அனைவரையும் உள்ளே அனுப்பிவிட்டு, ரெங்கம்மாளின் தம்பி மருதுவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ள, இத எங்கயாச்சும் ஒளிச்சு வையி. சீக்கிரம்!"

"அவுக அடுப்படி, பரணு எல்லாம் பார்ப்பாக மாமா. அவுக தொறக்காத இடம் ஒண்ணே ஒண்ணுதான்" என்று மருது சாமி அறையைச் சுட்டினான். அங்கே, மாப்பிள்ளை வீட்டாருக்கு எதிர்ச்சீராகக் கொடுக்கவேண்டிய ஏழு தட்டுகள் மஞ்சள் துணி மூடி வரிசையாக இருந்தன. கொடுக்கும் வரையில் மூடிய சீரை எவரும் திறப்பதில்லை.

அறிவார்ந்த யோசனை என்று அழகுபாண்டிக்குத் தோன்றியது. பெட்டியை ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்து, மஞ்சள் துணி போர்த்தி, மேலே இரண்டு முழம் மல்லிகையும் சுற்றினார்கள்.

பரண் வரை பார்த்து முடித்த முனியாயி, மனநிறைவோடு சாமி அறை வாசலில் நின்றார். உதடுகள் அசைய எண்ணினார். மீண்டும் எண்ணினார்.

"எட்டா?"

அழகுபாண்டி விரைந்து வந்து எட்டாவது தட்டை மறைத்து நின்றார்.

"என்ன சம்பந்தி இது, எட்டுத் தட்டு வச்சிருக்கீக? எங்க வகையறாவுல ரெட்டப்படையில சீரு எடுக்கமாட்டோம். துக்க வீட்டுக்கா போறோம்?"

ஒரு தட்டை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் வரிசையில் வைத்த சீரைத் திரும்ப எடுப்பது அபசகுனம் என்பது அவ்விரு குடும்பத்தாரும் அறிந்ததே. எனவே அவர், "இன்னொண்ணு உள்ள இருக்குங்க. எடுத்துட்டு வாரேன்" என்றார்.

அடுக்களையில் ரெங்கம்மாள் தலையில் கைவைத்தார். "பழமெல்லாம் தீந்துபோச்சு. எதை வைக்க?"

மீந்திருந்தவை பூச்சிகளுக்காக வாங்கிய கேரட்டுகள் மட்டுமே. மருது அவற்றைக் கழுவி, கோபுரம்போல் அடுக்கி, உச்சியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக் கொண்டுவந்தான்.

"கேரட்டா?" என்றார் முனியாயி.

"கண்ணுக்கு நல்லது அத்தாச்சி" என்றான் மருது.

"ஒம்பது. இப்பச் சரி. பன்னெண்டுக்கு எமகண்டம், அதுக்குள்ள பூவ வச்சுட்டு, சீர வண்டியில ஏத்திப்புடுவோம்" என்று கூறிய முனியாயி, பெரியதாகத் தெரிந்த எட்டாவது தட்டைத் தாமே தூக்கினார்.

கரப்பான் பூச்சிகள் இப்போது முறைப்படி சீராகிவிட்டன என்பதை அழகுபாண்டி உணர்ந்தார்.

"இதென்ன, அடி வெதுவெதுன்னு இருக்கு?"

"பலகாரங்க! இப்பத்தான் சுட்டு எடுத்தது" என்று அவர் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது.

"பலகாரமா? சரசரங்குது?"

"முறுக்கு."

முனியாயியின் முகம் மலர்ந்தது. தட்டைக் கூடத்து மேசைமேல் இறக்கினார். "பொண்ணு வீட்டுப் பலகாரத்துல மாப்பிள்ளையோட அத்தை ஒரு விள்ளல் வாயில போட்டுத்தான் சீர ஏத்துக்கணும். எங்க வழக்கம்."

"அது ஆறட்டுங்க!"

"சூட்டோட தின்னாத்தான் முறுக்கு."

"நான் எடுத்துத் தாரேன்!"

"நீங்க கொடுத்தா அது விருந்து. நானா எடுத்தாத்தான் முறை."

மல்லிகை விலகியது, மஞ்சள் துணி விலகியது, மூடி திறந்தது. முனியாயி உள்ளே பாராமலேயே கையை விட்டார்.

அடுத்த கணம் அவர் நாற்காலியின்மேல் நின்றார். எப்படி ஏறினார் என்பதை எவரும் கண்டிலர். மேசை ஆடியது, பெட்டி சாய்ந்தது, முட்டை அட்டைகள் இரண்டு தரையில் விழ, முப்பது நாற்பது பூச்சிகள் கூடமெங்கும் சிதறி ஓடின.

"கரப்பான்! சீருல கரப்பான வச்சிருக்கான் பாவி!"

தட்டுச் சுமந்த பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். ரெங்கம்மாள் சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டார். அறைக்குள்ளிருந்து பட்டுப்புடவையோடு ஓடிவந்த அஸ்வினி எதையும் பொருட்படுத்தவில்லை. முழங்காலிட்டு அமர்ந்து, வெறுங்கையால் பூச்சிகளை மென்மையாக அள்ளத் தொடங்கினாள்.

"மிதிச்சிராதீங்க! யாரும் மிதிச்சிராதீங்க! பாதி சினையா இருக்கு!"

நான்காவது வரனும் போயிற்று என்று அழகுபாண்டி முடிவு செய்தார். மகளுக்கு எதிரே இன்னொருவரும் முழங்காலிட்டிருப்பதை அவர் அப்போதுதான் கண்டார். மாப்பிள்ளை சூரியபிரகாஷ், ஒரு பூச்சியை இரு விரல்களுக்கு இடையில் நசுங்காமல் பிடித்துப் பெட்டியில் விட்டுக்கொண்டிருந்தான்.

"குட்டியெல்லாம் சோபாவுக்கு அடியில போயிருச்சுங்க" என்றான் அவன், அவளிடம்.

"இருட்டைத்தான் தேடும். செல்லுல லைட் அடிங்க" என்றாள் அவள், அவனிடம்.

அதுவே அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் உரையாடல்.

அழகுபாண்டி பேயாண்டியின் முன் சென்று கைகூப்பினார். "சம்பந்தி, ஏமாத்தணும்னு செய்யல. எம்மக வளர்க்குறா. உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் காலையில இருந்து தூக்கிட்டு அலைஞ்சேன். மன்னிச்சிருங்க."

பேயாண்டி சோபாவைவிட்டு எழுந்தார். நாற்காலிமேல் நின்ற தம் அக்காளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பெட்டிக்குள் குனிந்து நெடுநேரம் நோக்கினார். வந்ததிலிருந்து முதன்முறையாக அவர் முகத்தில் நிம்மதி தோன்றியது.

"என்னய்யா மன்னிப்பு? எம் மகன் வளர்க்குற வெளிநாட்டு ஓணானப் பார்த்து நாலு பொண்ணு வீட்டுக்காரன் ஓடிட்டான். அதுக்குத் தீனி வளர்க்குற பொண்ணு ஒத்தக்கடையில இருக்குன்னு ஆரப்பாளையத்துக் கடைக்காரன் சொல்லித்தான், அக்காகிட்ட மூச்சுவிடாம, பொண்ணே கேட்டு வந்தோம். வந்ததுல இருந்து இந்தப் பெட்டியக் காணோமேன்னு உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

அப்போது நேரம் முற்பகல் பதினொரு மணி ஐம்பத்து மூன்று நிமிடம்; எமகண்டத்துக்கு முன் பூ வைக்க இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.